கல்லும் கல்வியும்

பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூர் என்று ஒரு கிராமம் உண்டு. அங்கே ஒரு மரம் படுத்திருக்கிறது. அது நிற்கவில்லை, வளரவில்லை, உளுத்துப் போகவும் இல்லை. அதன் நீளம் 18 மீட்டர். வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகள் என்று பூதத்துவ சாஸ்திரிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று மானாவாரிப் பூமியாயிருக்கும் இந்தப் பிரதேசம் அக்காலத்தில் கடலாயிருந்தது. கரையில் எங்கோ வளர்ந்த அம்மரம் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் கடலடிச் சேற்றில் புதைந்தது. யுக யுகமாக அதன் நாரும் நரம்பும் இருந்த இடத்தில் கல் ஊறிப் புகுந்தது. மரத்தின் வடிவம் மட்டும் மிஞ்சிற்று. 1940-ஆம் ஆண்டில் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் பூதத்துவ அறிஞர் இதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு முறை அங்கே சென்றிருந்தேன். பையன்களில் ஒருவன் அரியலூர்ப் பக்கத்தவன். அவன் தகப்பனார் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அவன் கல்மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஸார், இது 12 கோடி வருஷமாகச் சாகாமல் இருக்கிற மரமா, இல்லை, 12 கோடி வருஷத்துக்கு முன்னாலேயே செத்துப்போன மரமா?" என்று கேட்டான்.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நெடுநாள் நீடித்திருப்பது வேறு, உயிரோடிருப்பது வேறு அன்றோ? மனிதர் கூடி அமைக்கும் ஸ்தாபனங்களை நோக்கியும் இதே கேள்வியைக் கேட்கலாம் அல்லவா? ஓர் ஆலை, ஓர் ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம் எப்போது உயிரோடிருக்கிறது, எப்போது கல்லாகிறது?

இந்த விசாரணையிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் நம் தமிழ்நாட்டில் பிறந்தார். கோயமுத்தூர் கிருஷ்ணராவ் பிரகலாத் என்பது அவர் பெயர். சி. கே. பிரகலாத் என்றால் உலகத்துப் பெரிய கம்பெனிகளின் தலைவர்கள் எழுந்து நின்று கேட்பார்கள். நம் வீடுகளிலோ அவரை அறிந்தவர்கள் சிலரே. அக்குறையைச் சிறிது போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலையே முதற் பள்ளி

பிரகலாத் 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8-ஆம் தேதி கோயமுத்தூரில் பிறந்தார். தந்தையார் சம்ஸ்கிருத பண்டிதர், நியாயாதிபதியாகவும் இருந்தவர். வீட்டிலே ஒன்பது குழந்தைகள். பிறருக்குக் கொடுக்கக் கொடுக்கக் குறையாமல் வளர்வது அறிவு ஒன்றே என்பது பெற்றோர் தமக்கு ஊட்டிய பாடம் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். சென்னை லயோலா கலாசாலையில் பௌதிக சாஸ்திரம் பயின்றார். பத்தொன்பதாம் வயதில் யூனியன் கார்பைடு கம்பெனியின் பாட்டரி ஆலையில் வேலைக்கு அமர்ந்தார்.

அந்தக் கம்பெனியின் பெயரைக் கேட்டதும் 1984-இல் போபாலில் நேர்ந்த பயங்கரம் நம் நெஞ்சில் வந்து நிற்கும். பிரகலாத் அங்கே பணியாற்றியது அதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால், சென்னையில். நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தார். இன்ன வேலைக்கு இவ்வளவு நேரம், இவ்வளவு கூலி என்று நிர்ணயிப்பது அவர் கடமைகளில் ஒன்று. அதற்காகத் தொழிற்சங்கத்தாருடன் உட்கார்ந்து பேச வேண்டும். கலாசாலையிலிருந்து புதிதாக வந்த இளைஞருக்குத் தொழிலாளிகள் எத்தனையோ கற்பித்தார்கள். யந்திரத்தின் முன் நாள் முழுவதும் நிற்பவனுக்கு, அதன் வரைபடத்தை மட்டும் பார்ப்பவனுக்குத் தெரியாத நூறு சங்கதிகள் தெரியும். நேர்மையாக நடப்பவனிடம் அவன் அவற்றை ஒளிக்காமல் சொல்லவும் சொல்வான். இந்த அனுபவமே தம் வாழ்க்கையின் பெரிய திருப்பம் என்று பிரகலாத் பிற்காலத்தில் கூறினார்.

ஆமதாபாத்தில் 1961-இல் தோன்றிய இந்திய நிர்வாகக் கலாசாலையில் சேர்ந்து 1966-இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1975-இல் டாக்டர் பட்டம் பெற்றார். தாய்நாடு திரும்பி, தாம் படித்த ஆமதாபாத்திலேயே சிலகாலம் ஆசிரியராயிருந்தார். 1977-இல் மிச்சிகன் சர்வகலாசாலைக்குப் போனார். இறுதி வரையில் அங்கேயே பேராசிரியராக விளங்கினார்.

வேர் எங்கே இருக்கிறது?

1990-ஆம் ஆண்டில் பிரகலாதும் கேரி ஹாமல் என்னும் அறிஞரும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை வியாபார உலகத்தை ஒரு குலுக்குக் குலுக்கிற்று. அக்காலத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் பல, ஜப்பானியருக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் திணறிக்கொண்டிருந்தன. ஜப்பானில் கூலி குறைவு, அரசாங்கத்தின் ஆதரவு அதிகம் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். பிரகலாதோ வேறொன்றைச் சுட்டிக்காட்டினார்.

ஒரு பெரிய கம்பெனியை மரத்துக்கு ஒப்பிட்டார் அவர். கடைகளில் நாம் காணும் சரக்குகள் இலையும் பூவும் கனியும் போன்றவை. பல பிரிவுகளாக நடக்கும் வியாபாரங்கள் கிளைகள். அடிமரம் என்பது அச்சரக்குகளுக்கெல்லாம் ஆதாரமான பொறிகளும் உறுப்புகளும். மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேரோ, அந்த ஸ்தாபனத்தில் உள்ளவர்கள் பல வருஷங்களாகக் கூடிக் கற்ற திறமை. இலையை எண்ணி மரத்தின் பலத்தை அளக்க முடியாது என்பது அவருடைய வாதம்.

ஹோண்டா கம்பெனியைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், கார் செய்கிறார்கள், புல் வெட்டும் யந்திரமும் மின்சாரம் உண்டாக்கும் யந்திரமும் செய்கிறார்கள். மேலே பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வியாபாரங்கள். கீழே தோண்டிப் பார்த்தால் வேர் ஒன்றுதான். சிறியதும் சீரானதுமான என்ஜின் செய்யும் வித்தை அது. அவ்வித்தை ஒருவருடைய மூளையில் இல்லை. ஒரு புத்தகத்திலும் இல்லை. வரைபவர், வார்ப்பவர், கடைபவர், விற்பவர் எல்லோரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக் கற்றுச் சேர்த்தது. பணம் கொடுத்தால் யந்திரத்தை வாங்கி வரலாம். இதை வாங்கி வர முடியாது.

நம் வீட்டுச் சமையலறையே இதற்குச் சாட்சி. ஒரே கடையில் வாங்கிய உப்பும் புளியும்தான். ஆனால் பாட்டியின் கைப்பக்குவம் பேத்திக்கு வர வேண்டுமானால், பக்கத்தில் நின்று பல நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. யந்திரம் வேறு, பக்குவம் வேறு. மற்றொன்றும் இருக்கிறது. யந்திரம் உபயோகிக்க உபயோகிக்கத் தேயும்; திறமையோ உபயோகிக்க உபயோகிக்க வளரும்.

குரங்குகளும் கம்பமும்

வேர் ஏன் பட்டுப்போகிறது? இதற்கும் விடை தேடினார் பிரகலாத். ரிச்சர்டு பெட்டிஸ் என்பவருடன் சேர்ந்து 1986-இல் எழுதிய ஆராய்ச்சியில், ஒரு தொழிலில் வெற்றி பெற்றவர்களின் மனத்தில் ஒருவகைத் தடம் விழுந்துவிடுகிறது என்றார். வண்டிச் சக்கரம் பழைய தடத்திலேயே ஓடுவது போல், புதிய நிலைமைகளையும் அவர்கள் பழைய கண்ணாலேயே பார்க்கிறார்கள். புதிதாகக் கற்பதற்கு முன் பழையதை மறக்கக் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

1994-இல் ஹாமலுடன் எழுதிய நூலில் இதை விளக்க ஒரு கதை வருகிறது. ஓர் அறையில் நாலு குரங்குகள். நடுவே ஒரு கம்பம், உச்சியில் வாழைப்பழம். ஏறப் போகும் குரங்கின் தலையில் குளிர்ந்த நீர் கொட்டுகிறது. சில நாளில் எல்லாக் குரங்குகளும் ஏறும் ஆசையை விட்டுவிடுகின்றன. பிறகு நீர் கொட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். பழைய குரங்கு ஒன்றை எடுத்துவிட்டுப் புதியது ஒன்றை விடுகிறார்கள். அது ஏறப் போனால் மற்றவை பிடித்து இழுக்கின்றன. இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக் கடைசியில் நாலும் புதுக் குரங்குகள். ஒன்றின் தலையிலும் நீர் பட்டதில்லை. ஆயினும் ஒன்றும் ஏறவில்லை! ஏன் என்று கேட்டால், "இங்கே அதுதான் வழக்கம்" என்று அவை சொல்லும் போலும். நம் ஆபீஸ்களிலும் பள்ளிகளிலும் இப்பதிலைக் கேளாதவர் யார்?

ஏட்டிலே எழுதியதோடு அவர் நிற்கவில்லை. ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனி 1990-இல் பெரு நஷ்டத்தில் மூழ்கியபோது, அதன் அதிகாரிகளைக் கூட்டி வைத்து உண்மை நிலையை நேருக்கு நேர் பேச வைக்கும் வேலையில் பிரகலாதுக்கு முக்கிய பங்கு இருந்தது. கம்பெனி பிழைத்தது. ஆனால் அந்தச் சீர்திருத்தத்தில் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள் என்பதையும் மறைக்கலாகாது. மேலே இருந்தவர்கள் காலத்தில் கற்காததற்குக் கீழே இருந்தவர்கள் விலை கொடுத்தார்கள்.

அவரே தோல்வியும் கண்டவர். சாதாரண ஜனங்களுக்கும் தகவல் எளிதில் எட்ட வேண்டும் என்று 'பிரஜா' என்ற பெயரில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி தொடங்குவதில் பங்கு கொண்டார். அது தழைக்கவில்லை, 2002-இல் வேறொரு கம்பெனிக்கு விற்கப்பட்டது. கம்பெனி போயிற்று, ஆனால் அதன் பெயரிலிருந்த எண்ணம் போகவில்லை.

அறியாமையை ஒப்புக்கொண்ட கம்பெனி

2004-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல் அவ்வெண்ணத்தின் கனி. உலக ஜனங்களைச் செல்வத்தின்படி அடுக்கினால் கூம்பு போன்ற ஒரு வடிவம் கிடைக்கும். அதன் அடியில் 400 கோடி பேர் இருக்கிறார்கள். தர்மம் கேட்டுக் கையேந்தும் கூட்டமாகவே அவர்களைக் கருதிவிட்டோம். அவர்களிடம் புத்தியும் மானமும் உழைப்பும் இருப்பதைப் பார்க்கவில்லை என்றார் பிரகலாத்.

இதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று நம் மதுரையிலேயே இருக்கிறது. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிய விரல்களோடு, 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரிதான் அது. டாக்டர் ஒரு மேஜையில் சிகிச்சை செய்யும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராயிருப்பார். அந்த ஆயத்தங்களையெல்லாம் செய்கிறவர்கள் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள். பணம் கொடுப்பவர்களுடைய பணத்திலிருந்தே கொடுக்க இயலாதவர்களுக்கும் பார்வை கிடைக்கிறது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லையை நூறு டாலருக்கு மேல் கொடுத்து இறக்குமதி செய்யவேண்டியிருந்தபோது, 1992-இல் அவர்களே ஆலை வைத்துச் சுமார் பத்து டாலருக்குச் செய்யத் தொடங்கினார்கள். கற்றதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் கற்பிக்கிறார்கள்.

இன்னொரு உதாரணம் மெக்ஸிகோ தேசத்தது. அரியலூர்க்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியது, ஏனெனில் அது சிமெண்டு சம்பந்தமானது. 1994-ஆம் ஆண்டின் கடைசியில் அத்தேசத்தின் நாணயம் வீழ்ந்தது. பெரிய கட்டடக்காரர்கள் சிமெண்டு வாங்குவது பாதியாகச் சரிந்தது. ஏழைகள் மூட்டை மூட்டையாக வாங்குவதோ அவ்வளவு குறையவில்லை. ஸெமெக்ஸ் என்னும் பெரிய சிமெண்டுக் கம்பெனி இதைக் கண்டு வியந்தது. அந்த ஏழைகள் யார், எப்படி வீடு கட்டுகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தால், கம்பெனியில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை! உடனே அவர்கள் செய்த காரியம் மிக அபூர்வமானது. 'அறியாமைப் பிரகடனம்' என்று எழுதி, தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். பிறகு தங்கள் ஆட்களை ஏழைகளின் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அங்கேயே தங்கிக் கற்றுவரச் சொன்னார்கள்.

அவர்கள் கண்டது என்ன? ஓர் ஏழைக் குடும்பம் ஓர் அறை கட்டி முடிக்க நாலு வருஷம் ஆயிற்று; சிறு வீடு ஒன்று முடியப் பதின்மூன்று வருஷம். வாங்கிய சிமெண்டு மழையில் கட்டிபட்டது. மணல் களவு போயிற்று. அங்குள்ள பெண்கள் நம் ஊரைப் போலவே சீட்டுக் கட்டும் வழக்கமுடையவர்கள். அந்தச் சீட்டையே அடிப்படையாக வைத்து 1998-இல் ஒரு திட்டம் எழுந்தது. மூவர் மூவராகச் சேர்ந்து 70 வாரம் வாராவாரம் பணம் கட்ட வேண்டும். விலை ஏறாது, வேண்டிய சமயத்தில் பொருள் வந்து சேரும், எப்படிக் கட்டுவது என்று யோசனை சொல்ல நிபுணரும் வருவார். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பழைய காலத்தில் மூன்றில் ஒரு பங்கில் வீடு எழும்பிற்று. இவ்வித்தையைக் கம்பெனிக்குக் கற்பித்தவர் எவரும் நிபுணர் அல்லர். சீட்டுப் பிடித்த பெண்களே.

மறுத்தவர் சொன்னதும் மெய்

பிரகலாதின் கொள்கையை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மிச்சிகன் சர்வகலாசாலையிலேயே அவருடன் பணியாற்றிய அனில் கர்னானி என்பவர் 2007-இல் கடுமையாக மறுத்து எழுதினார். ஏழையின் மடியில் உள்ள பணம் சொற்பம். அதையும் சில்லறைச் சாமான்களுக்காகப் பிடுங்குவது உபகாரமாகாது. ஏழையை வாங்குகிறவனாகப் பாராமல் உற்பத்தி செய்கிறவனாகப் பாருங்கள், அவன் வருமானத்தை உயர்த்துங்கள் என்றார்.

இதில் நியாயம் உண்டு. கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் சிறு பொட்டலத்தில் ஷாம்பு போட்டு விற்றார். அவருடைய மகன் 1983-இல் அத்தொழிலைத் தனியே தொடங்கிப் பெருக்கினார். பணக்காரர் மட்டும் அனுபவித்தது குடிசைக்கும் போனதில் மகிழ்ச்சிதான். ஆனால் குடிசையின் வருமானம் அதனால் ஒரு காசு உயர்ந்ததா? காலிப் பொட்டலங்கள் வாய்க்காலை அடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

பிரகலாதின் நூலிலேயே இதற்குப் பாதி விடை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் ஐ.டி.ஸி. கம்பெனி கிராமந்தோறும் ஒரு விவசாயியின் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்தது. சோயா மொச்சை என்ன விலை போகிறது என்பதை வண்டி கட்டுமுன்னே விவசாயி வீட்டருகிலேயே தெரிந்துகொண்டான். அங்கே ஏழை விற்கிறவனாக நின்றான். அறிவு கைக்கு வந்ததும் பேரம் பேசும் தைரியமும் வந்தது. பெரம்பலூர் ஜில்லாவில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் குடியானவனுக்கு இதைவிட வேண்டியது வேறு என்ன? வெங்காயத்தைப் பட்டறை போட்டுப் பத்திரப்படுத்துவது அவனுக்குத் தெரியும். எந்த ஊரில் எந்த விலை என்பதுதான் பெரும்பாலும் காலங்கடந்து தெரிகிறது. அவனுக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் யார் போய்க் கேட்டார்கள்?

கல் தீரும்

இனி நம் ஊருக்கு வருவோம். சாத்தனூர் மரத்தைக் கல்லாக்கிய அதே பழங்கடல்தான் அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல்லைக் கொடுத்தது. 1979-இல் சர்க்காரின் சிமெண்டு ஆலை இங்கே வேலை தொடங்கிற்று. தனியார் ஆலைகளும் பல வந்தன. கிளிஞ்சலும் சங்கும் படிந்து படிந்து கோடிக்கணக்கான வருஷங்களில் ஆன கல்லை நாம் சில தலைமுறைகளில் தோண்டி எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஒரு நாள் அது தீரும். அன்றைக்கு நமக்கு மிஞ்சப் போவது வெறும் பள்ளமா, வேறு ஏதேனுமா?

பிரகலாதின் மரம் இதற்கு வழி காட்டுகிறது. கல்லை எடுத்த கைகளில் திறமை தங்கினால், ஆலை நடத்தும் வித்தையும் யந்திரம் பழுது பார்க்கும் வித்தையும் பள்ளத்தை ஏரியாகவும் தோப்பாகவும் மாற்றும் வித்தையும் இந்த ஜில்லாக்களின் பிள்ளைகளிடம் வேரூன்றினால், கல் தீர்ந்த பிறகும் மரம் தழைக்கும். அவர்கள் கூலிக்கு லாரி ஓட்டியதோடு சரி என்றால், கல்லோடு எல்லாம் போயிற்று. 2007-இல் பிரகலாத், இந்தியா 2022-இல் சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டை எட்டும்போது 20 கோடிப் பட்டதாரிகளும், 50 கோடிப் பயிற்சி பெற்ற தொழில் வல்லுநரும் இருக்க வேண்டும் என்று கனவு கண்டார். பட்டதாரிகளைவிடக் கைத்திறனுடையவர்களை இரண்டரை மடங்கு கேட்டதைக் கவனியுங்கள். அந்த ஆண்டு வந்து போய்விட்டது. கனவு இன்னும் பாக்கியிருக்கிறது. அதைப் பார்க்க அவரும் இல்லை. 2009-இல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. மறு வருஷம் ஏப்ரல் 16-ஆம் தேதி அமெரிக்காவில் அவர் காலமானார்.

பிறரைச் சொல்வானேன்? இருபது வருஷமாக நான் ஒரே நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தே பாடம் நடத்தி வந்திருக்கிறேன். பாறை என்ற பாடத்தை நடத்தும்போது, அந்த லாரிக்காரர் மகனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சென்ற மாதம் கேட்டேன். எந்தக் கல் ஆலைக்கு ஆகும், எது ஆகாது, நிறத்தைப் பார்த்தே எப்படிச் சொல்வது என்று, தகப்பனாரிடம் கேட்டறிந்ததைக் கால் மணி நேரம் அவன் சொன்னான். வகுப்பு முழுவதும் அசையாமல் கேட்டது. நானும் பெஞ்சியில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன்.

நம் பாஷையில் ஓர் அதிசயம் உண்டு. 'கல்' என்றால் பாறை. 'கல்' என்றாலே படி என்றும் பொருள். சாத்தனூர் மரம் முதற்பொருளைப் பற்றிக்கொண்டது. அந்தப் பையனுக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும்: "தம்பி, வேர் கற்பதை நிறுத்திய அன்றே அந்த மரம் செத்துப் போயிற்று. நாம் நிறுத்தாமல் இருப்போம்."